லண்டன் இரவில் பறந்த 'கோயம்புத்தூர்'... எங்கள் வீட்டு மேஜையில் இறங்கிய கதை!

ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர். அதில் விரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு காகிதத் துண்டு கிடக்கிறது. அரை நிமிடம் ஊறியதும் ட்வீசரால் எடுத்து, தூரிகை நுனியால் மெள்ளத் தள்ளினால், காகிதத்தின் மேலிருக்கும் மெல்லிய ஏடு மட்டும் வழுக்கிக்கொண்டு வரும். அதில் ஒரு பெயர் அச்சாகியிருக்கிறது. ஒவ்வோர் எழுத்தும் எள்ளைவிடச் சின்னது. வெறும் கண்ணால் படிக்க முடியவில்லை.

அப்பா லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு குனிந்தார். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு... கோயமுத்தூர்னு போட்டிருக்குது?"

"ஆமாங்கப்பா."

"ஏரோப்ளேன்லயா? டவுன் பஸ் போர்டாட்ட எழுதி வெச்சிருக்கறானுங்க?"

சிரிக்க வேண்டாம். 1941-ல் ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களைத் தேடி இங்கிலாந்தின் இரவு வானத்தில் சுற்றிய ஒரு கறுப்புப் போர்விமானத்தின் பெயர் உண்மையிலேயே 'கோயம்புத்தூர் II'. வகை, போல்டன் பால் டிஃபையன்ட். வரிசை எண், என் 1801. அதைத்தான் நானும் அப்பாவும் 72-ல் ஒரு பங்கு அளவில் ஐந்து வாரமாகச் செய்துகொண்டிருந்தோம்.

சென்னையில் எங்கள் டெஸ்க்கில் 'வீட்டிலிருந்தே செய்யும் பொழுதுபோக்குகள்' என்று ஒரு தொடர் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்தது, பிளாஸ்டிக் மாடல் விமானம். எல்லோரையும்போல ஸ்பிட்ஃபயர் வாங்கலாம் என்றுதான் தேட ஆரம்பித்தேன். பிரிட்டிஷ் விமானப்படை ஸ்குவாட்ரன்களின் பட்டியலைப் புரட்டும்போது கண்ணில் பட்டது... '264 (மெட்ராஸ் பிரசிடென்சி) ஸ்குவாட்ரன்'. ஒன்றல்ல, மூன்று! 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களுக்கும் அடைப்புக்குறிக்குள் மெட்ராஸ் மாகாணத்தின் பெயர். அப்படியே நூல் பிடித்துப் போனால் 264-ல் ஒரு விமானத்துக்கு எங்கள் ஊர்ப் பெயர். அதற்குப் பிறகு ஸ்பிட்ஃபயராவது, ஒன்றாவது!

அப்பாவின் பெட்டி

அப்பா வாட்ச் மெக்கானிக். முப்பத்து நான்கு வருடம் கோவையில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். போன வருடம் மூடிவிட்டார். செல்போனில் மணி பார்க்கும் காலத்தில் வாட்சுக்கு பேட்டரி மாற்றுவதைத் தவிர வேறு வேலை வரவில்லை. கடையைக் காலி செய்த அன்று கருவிகளை ஒரு மரப்பெட்டியில் போட்டு பரண் மேல் ஏற்றினார். அதற்கப்புறம் அதைத் தொடவே இல்லை. அம்மா அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசினால் எழுந்து வெளியே போய்விடுவார்.

நான் மாடல் டப்பாவோடு சனிக்கிழமை ஊருக்கு வந்தபோது, அவரைச் செய்யச் சொல்லும் திட்டமெல்லாம் இல்லை. ஹாலில் உட்கார்ந்து காய்கறி நறுக்கும் கத்தியால் பாகங்களை வெட்ட ஆரம்பித்தேன். பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில், கொடியில் காய்த்த பிஞ்சுகள் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டும்போது சக்கரத்தின் கால் ஒன்று 'டக்' என்று தெறித்து சோபாவுக்கு அடியில் போய்விட்டது.

அப்பா டி.வி சத்தத்தைக் குறைத்தார். டார்ச் எடுத்து வந்தார். டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடித்தார். சின்னப் பொருளுக்கும் நீள நிழல் விழும், உடனே தெரிந்துவிடும். வாட்ச் ஸ்க்ரூ தேடும் வித்தை. கால் கிடைத்தது.

"இத்தனை பொடுசா இருக்குது. இதைப் போயி கத்தியில வெட்டறயே கண்ணு" என்றவர், ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினார்.

ட்வீசர் நான்கு வகை, கண்ணில் மாட்டும் லென்ஸ், மெல்லிய அரங்கள், தூசி ஊதும் ரப்பர் பல்பு, கீழே விழும் பாகம் உருண்டு ஓடாமல் இருக்க ஒரு வெல்வெட் துணி. மாடல் செய்பவர்கள் தனித்தனியாகத் தேடித் தேடி வாங்கும் சாமான் எல்லாமே அந்தப் பெட்டியில் இருந்தன.

ஓர் அங்குலத்தில் ஓர் ஆள்

72 என்ற எண் விசித்திரமாகத் தோன்றலாம். அடி, அங்குலம் கணக்கில் பார்த்தால் புரியும். ஆறு அடிக்கு 72 அங்குலம். அதாவது, ஆறடி மனிதன் இந்த அளவில் சரியாக ஓர் அங்குலம். பிரிட்டனில் 'ஃப்ராக்' நிறுவனம் 1936-ல் 'பெங்குயின்' என்ற பெயரில் பிளாஸ்டிக் மாடல் விமானங்களை இந்த அளவில்தான் விற்க ஆரம்பித்தது. போர் வந்ததும் இது விளையாட்டுப் பொருளாக மட்டும் இருக்கவில்லை. வானத்தில் வருவது நம்முடையதா, எதிரியுடையதா என்று நொடியில் கண்டுபிடிக்க வீரர்களைப் பழக்க வேண்டியிருந்தது. 1942-ல் அமெரிக்கக் கடற்படை இதே அளவில் ஐந்து லட்சம் மாடல்களைச் செய்து தரச் சொல்லி பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கேட்டது. 72-ல் ஒரு பங்கு மாடலைப் பத்து மீட்டர் தூரத்தில் பிடித்தால், நிஜ விமானத்தை 720 மீட்டர் தூரத்தில் பார்ப்பதுபோல் இருக்கும்.

நிஜ டிஃபையன்டின் இறக்கை அகலம் சுமார் 12 மீட்டர். எங்கள் மேஜையில் அது பதினாறரை சென்டிமீட்டர். நீளம் 15 சென்டிமீட்டர். உள்ளங்கையில் அடங்கும்.

வாட்ச் கடைக்காரருக்கும் மாடல்காரருக்கும் முதல் விதி ஒன்றுதான் என்பது முதல் நாளே தெரிந்தது. "பொருத்திப் பாக்காம ஒட்டாத." ஒவ்வொரு பாகத்தையும் பசையில்லாமல் சேர்த்துப் பார்த்து, இடிக்கும் இடத்தை அரத்தால் தேய்த்து, மறுபடி சேர்த்துப் பார்த்து... விமானி உட்காரும் அறை மட்டும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டது. இந்தப் பசையும் நாம் நினைக்கிற பசை இல்லை. பிளாஸ்டிக்கைக் கரைத்து, இரண்டு விளிம்புகளையும் ஒன்றாக்கிவிடும். ஒட்டுவது என்பதைவிடப் பற்றவைப்பது என்றுதான் சொல்ல வேண்டும். தப்பாக ஒட்டினால் பிரிக்க முடியாது.

முன்னால் சுடாத போர்விமானம்

மூன்றாவது பாகம் கையில் வந்ததும் அப்பா கேட்ட கேள்விதான் இந்த விமானத்தின் மொத்த சோகமும்.

"துப்பாக்கி எங்க கண்ணு? ரெக்கையில ஓட்டையே இல்லியே?"

ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் இரண்டுக்கும் இறக்கையில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள் உண்டு. விமானி எதிரியை நோக்கி மூக்கைத் திருப்பிச் சுடுவார். டிஃபையன்டின் இறக்கையில் துப்பாக்கியே கிடையாது. விமானிக்குப் பின்னால் கண்ணாடிக் குமிழ்போல ஒரு சுழலும் கூண்டு, அதில் ஓர் ஆள், அவர் கையில் நான்கு பிரௌனிங் துப்பாக்கிகள். 'டரட்' என்பார்கள். ஓட்டுவது ஒருவர், சுடுவது இன்னொருவர். ஓட்டுபவரால் சுட முடியாது. சுடுபவரால் ஓட்ட முடியாது.

காகிதத்தில் இது புத்திசாலித்தனமான யோசனைதான். ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் துணைக்குப் போர்விமானங்கள் இல்லாமல் தனியாக வரும், பக்கவாட்டிலோ அடியிலோ போய் நிதானமாகச் சுடலாம் என்று கணக்குப் போட்டார்கள். 1940 கோடையில் ஜெர்மனி பிரான்ஸைப் பிடித்ததும் அந்தக் கணக்கு காலி. கடலுக்கு அந்தப் பக்கமே மெசர்ஷ்மிட் 109 போர்விமானங்கள் வந்து நின்றுவிட்டன.

ஆரம்பத்தில் அதிர்ஷ்டம் அடித்தது. 1940 மே மாதம் டன்கர்க் வானத்தில் 264 ஸ்குவாட்ரன் ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குக் கொடுத்தது. சண்டை நேரக் கணக்குகள் எப்போதும் கொஞ்சம் ஊதிப் பெருத்தவை. என்றாலும் ஜெர்மானியர் திணறியது நிஜம். முன்பக்கத் தோற்றத்தில் டிஃபையன்ட் ஹரிகேன் மாதிரியே இருக்கும். ஹரிகேன் என்று நினைத்துப் பின்னாலிருந்து வந்தவர்களை நான்கு துப்பாக்கிகள் வரவேற்றன.

ரகசியம் எத்தனை நாள் நிற்கும்? முன்னாலிருந்தும் வயிற்றுப் பக்கமிருந்தும் வந்தால் இதனால் ஒன்றும் செய்ய முடியாது என்று புரிந்துவிட்டது. ஜூலை 19 அன்று 141 ஸ்குவாட்ரனின் ஒன்பது டிஃபையன்ட்கள் கிளம்பின. ஆறு விழுந்தன. ஆகஸ்ட் 24 அன்று 264-ன் தலைவர் ஃபிலிப் ஹன்டர் எதிரி விமானம் ஒன்றைத் துரத்திக்கொண்டு கடல் மேல் போனார். திரும்பவே இல்லை. அந்த மாதம் முடிவதற்குள் டிஃபையன்டைப் பகல் சண்டையிலிருந்து விலக்கிக்கொண்டார்கள்.

விமானம் விழும்போது விமானி மூடியைத் தள்ளிவிட்டு வெளியே குதிக்கலாம். பின்னால் கூண்டில் இருப்பவருக்கு அது அத்தனை சுலபமில்லை. பாராசூட்டை முதுகில் கட்டிக்கொண்டு உட்காரவே அதற்குள் இடம் கிடையாது. அதனால் பாராசூட்டை உள்ளேயே வைத்துத் தைத்த ஒரு தனி உடை. தடித்துத் தொங்கும் அதை வீரர்கள் 'காண்டாமிருகச் சட்டை' என்று கேலி செய்தார்கள். கூண்டைச் சுழற்றும் சக்தி போய்விட்டால், கதவு சரியான பக்கம் இல்லாவிட்டால், அதோ கதிதான். டிஃபையன்ட்களில் விமானி பிழைத்து, சுடுபவர் இறந்த கதைகள் நிறைய உண்டு.

அப்பா அந்தக் கூண்டின் பாகங்களை வெல்வெட் துணியில் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கூண்டுக்கு முன்னும் பின்னும் விமானத்தின் முதுகில் இரண்டு மேடுகள் வரும். பறக்கும்போது காற்று வழுக்கிப்போக அவை தூக்கி நிற்கும். சுட வேண்டும் என்றால் உள்ளே இறங்கும்; அப்போதுதான் துப்பாக்கி திரும்ப வழி. வால் பக்கமோ முன் விசிறிப் பக்கமோ குழாய் வந்தால், தன் விமானத்தையே சுட்டுக்கொள்ளாமல் இருக்க மின்சாரம் தானாகத் துண்டிக்கும் ஏற்பாடும் உண்டு.

"இது திரும்போணும்னா அது எறங்கோணும். பல்சக்கரமாட்ட ஒண்ணுக்கொண்ணு கோத்து வெச்சிருக்கறான்" என்றார். எனக்கு அதுவரை உறைக்கவில்லை. கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி ஒட்டுவதாக இருந்தால், முதுகு மேடு இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் மாடல் அழகாக இருக்கும். ஆனால் பொய்யாக இருக்கும்.

பற்பசை வைத்தியம்

பொய் சொல்லாமல் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான்காவது வாரம் மொத்தத்தையும் கெடுக்கப் பார்த்தது நான்தான்.

அப்பா மாலை நடைக்குப் போயிருந்தார். கூண்டின் கண்ணாடி இரண்டு பாதியாக வரும். சீக்கிரம் முடித்து அசத்தலாம் என்று, வீட்டில் இருந்த சூப்பர் க்ளூவை எடுத்து ஒரு சொட்டு வைத்தேன். ஒட்டியது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், பளிங்கு மாதிரி இருந்த கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பனி படர்ந்ததுபோல் ஆகிவிட்டது. சூப்பர் க்ளூ காயும்போது அதன் ஆவி வெளியேறி, பக்கத்தில் இருக்கும் வழவழப்பான பிளாஸ்டிக்கில் படியும். மாடல் செய்யும் எவரும் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம். நான் பெட்டியில் இருந்த வழிமுறைத் தாளைக்கூட முழுதாகப் படிக்கவில்லை.

டிஃபையன்ட் மாடலில் வேறு எது போனாலும் சமாளிக்கலாம். கூண்டுதான் விமானமே. கண்ணாடிக்கு மாற்றுப் பாகம் கிடையாது. திரும்ப முழு டப்பா வாங்க வேண்டும். எங்கள் டெஸ்க் இரண்டாவது பில்லுக்குக் கையெழுத்துப் போடாது.

அப்பா வந்து பார்த்தார். திட்டவில்லை. லென்ஸை மாட்டினார், ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "வாட்ச் கண்ணாடி இப்படி மங்கித்தான் வரும். பிளாஸ்டிக் கண்ணாடி போட்ட பழைய வாட்செல்லாம்..." என்று சொல்லிக்கொண்டே குளியலறைக்குப் போய் பற்பசை கொண்டுவந்தார். வெள்ளைப் பற்பசையில் மிக நுண்ணிய தேய்பொருள் இருக்கிறது. மெல்லிய பருத்தித் துணியில் துளி எடுத்து, வட்டமாக, அழுத்தாமல்... வெளிப்பக்கத்துக்குத் துணி. உள்பக்கத்துக்கு, தீக்குச்சி முனையில் பஞ்சு சுற்றி, திறந்திருந்த பின்பக்கம் வழியாக. இரண்டரை மணி நேரம். அம்மா இரண்டு தடவை டீ வைத்தார், இரண்டும் ஆறிப்போயின.

முழுதாகப் போகவில்லை. ஒரு மூலையில் லேசான மங்கல் இன்னும் இருக்கிறது. நிஜ விமானத்திலும் சுடுபவர் மூச்சுக்காற்று பட்டு அங்கே மங்கியிருக்கும் என்று சமாதானம் சொன்னேன். அப்பா நம்பவில்லை.

யார் வீட்டுப் பணம்?

பெயருக்கு வருவோம். 1940-ல் பிரிட்டனில் விமான உற்பத்தி அமைச்சராக இருந்தவர் பீவர்புரூக் பிரபு. பத்திரிகை முதலாளி. விளம்பரம் தெரிந்தவர். ஐயாயிரம் பவுண்ட் கொடுத்தால் ஒரு போர்விமானத்துக்கு உங்கள் பெயர் என்று ஒரு கணக்கு உருவானது. நிஜத்தில் ஒரு ஸ்பிட்ஃபயர் செய்ய அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். ஆனால் மனதில் நிற்கும் எண் அல்லவா? ஊர்கள், தொழிற்சாலைகள், காலனிகள் எல்லாம் பணம் திரட்டின. மெட்ராஸ் மாகாணம் கொடுத்த நிதிக்காகத்தான் மூன்று ஸ்குவாட்ரன்களில் அதன் பெயர். ஹைதராபாத் சமஸ்தானமும் இப்படிப் பெயர் வாங்கியது.

பெருமைப்படலாமா? நான் முதலில் பட்டேன். பிறகு தேதிகளைப் பார்த்தேன். 1939 செப்டம்பரில் இந்தியத் தலைவர்கள் யாரையும் கேட்காமலேயே இந்தியாவும் போரில் இருப்பதாக வைஸ்ராய் அறிவித்தார். அதை எதிர்த்து அக்டோபரில் ராஜாஜியின் மெட்ராஸ் அமைச்சரவை ராஜினாமா செய்தது. அதன் பிறகு மாகாணம் ஆளுநரின் நேரடி ஆட்சியில் இருந்தது. ஒடிசா எல்லையிலிருந்து மலபார் வரை விரிந்திருந்த மாகாணம். அங்கே போர் நிதி திரட்டியது அந்த ஆட்சிக் காலத்தில்தான். கலெக்டர் கேட்டால் இல்லை என்று சொல்வது அன்று எத்தனை பேருக்கு முடிந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

அதே சமயம், அந்த விமானம் யாரைக் காப்பாற்றப் பறந்தது என்பதையும் தள்ளிவிட முடியவில்லை. 1940 செப்டம்பரிலிருந்து 1941 மே வரை பிரிட்டிஷ் நகரங்கள் மேல் இரவு இரவாகக் குண்டுகள் விழுந்தன. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். இரண்டும் உண்மை. அந்த எள்ளளவு எழுத்துகளில் இரண்டும் சேர்ந்தே ஒட்டியிருக்கின்றன.

கறுப்பில் எத்தனை கறுப்பு?

பகலில் தோற்ற விமானம் இரவில் வேலைக்கு வந்தது. இருட்டில் துணைக்கு மெசர்ஷ்மிட்கள் வராது. குண்டுவீச்சு விமானத்தின் அடிவயிற்றுக்குக் கீழே மெள்ள நுழைந்து, கூண்டைத் திருப்பி மேல்நோக்கிச் சுடலாம். கண்டுபிடிப்பதுதான் பாடு. தரையிலிருந்து வரும் தகவல், தேடல் விளக்குகளின் வெளிச்சம், மீதி இரண்டு ஜோடிக் கண்கள். பல இரவுகள் குளிரில் விறைத்துவிட்டு எதையும் பார்க்காமல் இறங்குவார்கள்.

என் 1801-ஐ ஓட்டியவர் வட அயர்லாந்துக்காரர் டெஸ்மண்ட் ஹியூஸ். கூண்டில் இருந்தவர் சார்ஜென்ட் ஃப்ரெட் கேஷ். இருவரும் ஒரே ஜோடியாகப் பறந்து, பகலிலும் இரவிலுமாக ஐந்து விமானங்களை வீழ்த்தினார்கள். ஹியூஸ் பின்னாளில் ஏர் வைஸ் மார்ஷல் வரை உயர்ந்தார், 1992-ல் காலமானார். விமானியின் பெயர் வரலாற்றில் பெரிதாக நிற்கிறது. ஆனால் அந்த ஐந்தையும் சுட்டது கேஷின் கைகள். ஹைன்கல் 111 ஒன்று விழுந்தால், அதில் ஐந்து பேர் வரை இருப்பார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரவு விமானங்களுக்கு அடித்த பெயின்டின் பெயர், 'ஸ்பெஷல் நைட்'. அடுப்புக் கரி மாதிரி, வெல்வெட் மாதிரி, துளிகூட மினுக்காத கறுப்பு. கை வைத்தால் ஒட்டும். சீக்கிரம் தேய்ந்து போகும். சொரசொரப்பால் விமானத்தின் வேகமே கொஞ்சம் குறைந்தது.

"கறுப்புதானே, சுலபம்" என்றுதான் நானும் நினைத்தேன். இருப்பதிலேயே கஷ்டம் கறுப்புதான்! சுத்தக் கறுப்பை அடித்தால் சின்ன மாடல் வெறும் நிழல்போல ஆகிவிடும். கதவு, மூடி, தகட்டு இணைப்பு எதுவுமே தெரியாது. தூரத்தில் இருக்கும் பெரிய பொருளின் நிறம் காற்றின் ஊடே கொஞ்சம் வெளிறித்தான் கண்ணுக்கு வரும். அதனால், மாடலுக்கு நிறத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். கறுப்பில் கொஞ்சம் சாம்பல், ஒரு பொட்டு பழுப்பு. விமானி கால் வைத்து ஏறும் இறக்கை அடியில் இன்னும் வெளிறல். புகைபோக்கிக்குப் பின்னால் பழுப்புச் சாம்பலாக ஒரு நீளக் கறை. அப்பா ஒரு பழைய வாட்ச் டப்பாவின் மூடியில் ஒன்பது வகைக் கறுப்பு கலந்து வைத்தார். எனக்கு நான்குதான் வித்தியாசம் தெரிந்தது.

இதில் இன்னொரு சிக்கல். டீக்கால் எனப்படும் அந்தத் தண்ணீர் ஸ்டிக்கரைச் சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று மாட்டிக்கொண்டு வெள்ளி மாதிரி மினுங்கும். அதனால், மினுக்கக் கூடாத விமானத்துக்கு முதலில் வார்னிஷ் அடித்துப் பளபளக்கவைத்து, டீக்கால் ஒட்டி, பிறகு மங்கல் வார்னிஷ் அடித்துத் திரும்ப அணைக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடிபோல அது மின்னிய ஒரு நாளில் அம்மா வந்து பார்த்துவிட்டு, "இப்படியே விட்ருங்களேன், அழகா இருக்குது" என்றார்.

'கோயம்புத்தூர் II'-ஐ அப்பாதான் ஒட்டினார். ஒரே ஒரு பிரதிதான் தாளில் இருந்தது. கிழிந்தால் போயிற்று. அவர் கைகள் இப்போது காலையில் கொஞ்சம் நடுங்குகின்றன. காபி டம்ளர் பிடிக்கும்போது நான் கவனித்திருக்கிறேன். முழங்கையை மேஜையில் ஊன்றி, மூச்சை வெளியே விட்டு, அந்த இடைவெளியில் மட்டும் கை நகர்ந்தது. பதினைந்து நொடி இருக்கும். ட்வீசர் விலகியபோது பெயர் நேராக உட்கார்ந்திருந்தது.

உள்ளே ஓர் ஆள்

கடைசிச் சண்டை, ஆளை வைப்பதா வேண்டாமா என்பதில். டப்பாவில் இரண்டு பொம்மைகள் உண்டு. கண்காட்சிகளுக்குச் செய்பவர்கள் பெரும்பாலும் ஆள் இல்லாமல், தரையில் நிற்கும் விமானமாகத்தான் வைப்பார்கள். உள்ளே செய்திருக்கும் நுணுக்கமெல்லாம் அப்போதுதான் தெரியும். நானும் அதைத்தான் சொன்னேன். பற்பசையோடு பட்ட பாடு வெளியே தெரிய வேண்டாமா?

"கூண்டுல ஆளில்லாம வெச்சா, ஆளில்லாத கடையத் தொறந்து வெச்சாப்பல இருக்கும் கண்ணு."

அதற்கு மேல் நான் பேசவில்லை.

கேஷின் பொம்மை உட்கார்ந்த நிலையில் முக்கால் அங்குலம்கூட இல்லை. அப்பா ஒற்றை முடித் தூரிகையால் முகம், தோல் தொப்பி, மஞ்சள் மிதவைச் சட்டை, கையுறை என்று வைத்தார். கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே மணிக்கட்டில் ஒரு வெள்ளிப் புள்ளி.

"இதென்னப்பா?"

"வாட்ச்."

அவ்வளவு தடித்த பறக்கும் உடையில் வாட்ச் வெளியே தெரியாது, அதுவும் வரலாற்றுப் பிழைதான் என்று சொல்ல வாயெடுத்தேன். விட்டுவிட்டேன். கூண்டு மூடியாயிற்று. அந்தப் புள்ளி இப்போது வெளியே தெரியாது. இருப்பது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியும். இப்போது உங்களுக்கும்.

ஆயிரத்துக்கும் மேல் தயாரான டிஃபையன்ட்களில் இன்று முழுதாக மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. என் 1671 என்ற எண் கொண்ட அதுவும் ஓர் இரவு விமானம்தான். போலந்து வீரர்களின் 307 ஸ்குவாட்ரனில் பறந்தது. இங்கிலாந்தில் ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 'கோயம்புத்தூர் II' புகைப்படங்களில் மட்டும்.

எங்களுடையது, கடையிலிருந்து வந்த கண்ணாடி ஷோகேஸில், விற்காமல் போன இரண்டு எச்.எம்.டி வாட்சுகளுக்கு நடுவே நிற்கிறது. முதுகு மேடு இறங்கி, கூண்டு இடப்பக்கம் திரும்பி, நான்கு குழாய்களும் மேலே பார்க்கின்றன. போன ஞாயிறு பக்கத்து வீட்டு நாலாம் வகுப்புப் பையன் வந்தான். அப்பா அவன் கண்ணில் லென்ஸை மாட்டிவிட்டார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, விமானத்தோடு மூக்கு உரச, எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"தாத்தா, இது நம்ம ஏர்போர்ட்ல எறங்குமா?"

"எறங்கிருச்சே சாமி" என்றார் அப்பா.

பரண் மேலிருந்த பெட்டி இப்போது ஹாலில் இருக்கிறது. அடுத்து 234 ஸ்குவாட்ரனின் ஸ்பிட்ஃபயர். அதற்கான பில்லுக்கு டெஸ்க்கில் கையெழுத்து வாங்குவது என் பாடு.